கிர்பி வீட்டு வைக்கிங்

ஜேம்ஸ் பாண்ட் ஒரு விவசாயி என்றால் நம்புவீர்களா?

ஆளைச் சொல்லவில்லை, பெயரைச் சொல்கிறேன். 'பாண்ட்' என்ற சர்நேமுக்குள் ஒளிந்திருப்பது 'போண்டி' என்கிற வைக்கிங் காலத்துச் சொல். சொந்த நிலத்தை உழுது சாப்பிடுகிற குடியானவன் என்று அர்த்தம். நம்ம ஊரில் போண்டி என்றால் கதையே வேறு. அங்கே அது மரியாதையான வார்த்தை. 'ஹஸ்பெண்ட்' என்கிறோமே, அதுவும் இந்தப் போண்டிதான். 'ஹூஸ் போண்டி', அதாவது வீட்டின் போண்டி. கல்யாணமான ஆண்கள் இந்த இடத்தில் ஒரு நிமிஷம் நின்று பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம்.

கிரிக்கெட் பார்த்தவர்களுக்கு இங்கிலாந்தின் கிரஹாம் தோர்ப்பைத் தெரியும். 'தோர்ப்' என்றால் பெரிய ஊரை ஒட்டிய சின்னக் குடியிருப்பு. டென்மார்க்கிலிருந்து வந்த வைக்கிங்குகள் குடியேறிய பக்கமெல்லாம் இந்தப் பெயர் இறைந்து கிடக்கிறது. நம்ம கணக்குக்கு, 'பட்டி'. கிரஹாம் பட்டி!

மட்டையில் 'ஜி.எம்.' என்று ஸ்டிக்கர் பார்த்திருப்பீர்கள். கன் அண்ட் மூர். 1885-ல் நாட்டிங்ஹாமில் ஆரம்பித்த கம்பெனி. அந்த 'கன்' என்ற குடும்பப் பெயரும் வடக்கேயிருந்து கடல் தாண்டி வந்ததுதான். அது மட்டுமா? துப்பாக்கிக்கு ஆங்கிலத்தில் 'கன்' என்கிறோமே, அந்தச் சொல்லே 'குன்ஹில்டர்' என்ற வைக்கிங் பெண் பெயரிலிருந்து வந்தது என்கிறார்கள் அகராதிக்காரர்கள். 1330-ஆம் ஆண்டு விண்ட்சர் கோட்டையின் ஆயுதப் பட்டியலில் ஒரு ராட்சத வில்பொறிக்கு 'குனில்டா அம்மையார்' என்றே பெயர் போட்டிருக்கிறது. நம்ம ஊர் லாரிக்காரர்கள் வண்டிக்குப் பெயர் வைக்கிற மாதிரி.

இன்னொன்று. இரண்டு முறை அமெரிக்க அதிபரான டொனால்டு ட்ரம்பின் அம்மா, ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் பிறந்தவர். பிறந்த வீட்டுப் பெயர் மெக்லவுட். 'லியோட்டின் மகன்' என்று பொருள். லியோட் ஒரு வைக்கிங் பெயர். அதற்கு அர்த்தம்... 'அவலட்சணமானவன்'. நான் சொல்லவில்லை சாமி, அகராதி சொல்கிறது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? எல்லாம் சம்பந்தி தயவு.

என் மகள் இங்கிலாந்தில் படிக்கப் போனாள், அங்கேயே வேலை பார்த்தாள், அங்கேயே ஒரு பையனைப் பார்த்தாள். பையனின் சர்நேம் கிர்பி. லிவர்பூலுக்கு எதிரே, மெர்சி ஆற்றுக்கு அந்தப் பக்கம் விரல் என்றொரு தீபகற்பம். (தமிழில் எழுதினால் விரல்தான். வரைபடத்தில் பார்த்தாலும் கிட்டத்தட்ட விரல் மாதிரித்தான் நீட்டிக்கொண்டிருக்கிறது!) அங்கேதான் வீடு. நான் வருஷத்துக்கு ஒருமுறை விசிட்டர் விசாவில் போய், பேரனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக் கூட்டிக்கொண்டு வருகிற உத்தியோகம் பார்க்கிறவன்.

மாப்பிள்ளையின் அப்பா ரிட்டயர்டு ஆசாமி. எழுபது தாண்டியவர். முதல் சந்திப்பிலேயே என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு அவர் சொன்ன இரண்டாவது வாக்கியம், "நாங்க வைக்கிங் வம்சம், தெரியுமில்ல?"

வீட்டு அலமாரியில் மரத்தில் செய்த வைக்கிங் கப்பல் ஒன்று. முகப்பில் பாம்புத்தலை. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய அவருடைய அப்பா கையாலேயே செதுக்கியது. "அப்பா சின்ன வயசுல என்னைத் தோள்ல தூக்கிட்டுப் போய் ஆத்தைக் காட்டுவார். 'நம்ம முப்பாட்டன் இந்த வழியாத்தான் கப்பல்ல வந்தான்டா'ன்னு சொல்வார்" என்றார். சொல்லும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அவரைக் குறை சொல்ல முடியாது. ஆதாரம் சுற்றிலும் இருக்கிறது. 793-ல் லிண்டிஸ்ஃபார்ன் தீவின் மடத்தைச் சூறையாடியதிலிருந்து இங்கிலாந்தில் வைக்கிங் காலம் ஆரம்பிக்கிறது என்பார்கள். முதலில் கொள்ளையடிக்க வந்தார்கள். 865-ல் பெரும் படையாக வந்தார்கள். அப்புறம் ஏர் பூட்டிக் குடியேறியே விட்டார்கள். விரல் பக்கம் வந்த கோஷ்டி வேறு. 902-ல் அயர்லாந்தின் டப்ளினிலிருந்து விரட்டப்பட்ட நார்வேக்காரர்கள், இங்கிமண்ட் என்கிற தலைவனோடு இங்கே வந்து கரையேறினார்கள்.

அவர்கள் வைத்த ஊர்ப் பெயர்கள் இன்றைக்கும் பஸ் போர்டில் இருக்கின்றன. 'திங்வால்' என்று ஓர் ஊர். 'திங்' என்றால் வைக்கிங்குகளின் ஊர்க்கூட்டம். கூட்டம் போட்ட மைதானம்தான் திங்வால். 'பி' என்று முடிந்தால் ஊர் என்று அர்த்தம். சங்கங்களுக்கு 'பைலா' எழுதுகிறோமே, அந்த 'பை'யும் இந்த ஊர்தான். ஊர்ச் சட்டம்! 'எர்பி' என்று ஒன்று: அயர்லாந்துக்காரன் ஊர். 'வெஸ்ட் கிர்பி' என்று ரயில் கடைசியாகப் போய் நிற்கும் ஸ்டேஷன் ஒன்று. 'கிர்க்யு பீர்' என்பதுதான் சுருங்கிக் கிர்பி ஆகியிருக்கிறது. அதாவது, சர்ச் இருக்கிற ஊர். நாம் கோயில்பட்டி என்று சொல்வதில்லையா, அதேதான்.

சர்ச்சைக் கொள்ளையடித்ததால் சரித்திரத்தில் இடம் பிடித்த கூட்டம், நூறு சொச்சம் வருஷத்தில் 'சர்ச்சூர்' என்று ஊருக்குப் பெயர் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. வெஸ்ட் கிர்பியின் சர்ச், புனித பிரிஜித்துக்கானது. அவர் அயர்லாந்தின் புனிதை. உள்ளே பன்றி முதுகு மாதிரி வளைந்த ஒரு வைக்கிங் காலத்துக் கல்லறைக் கல் இருக்கிறது. சம்பந்தி என்னைக் கூட்டிப் போய் அந்தக் கல்லைக் காட்டினார். காட்டியதோடு விடவில்லை, குலசாமி மாதிரி தொட்டுத் தடவினார்.

இந்த நேரம் பார்த்துப் பேரன் படிக்கிற பள்ளிக்கூடத்தில் வைக்கிங் பாடம் நடத்த ஆரம்பித்தார்கள். இங்கிலாந்தில் ஆரம்பப் பள்ளிச் சரித்திரத்தில் அது கட்டாயம். எட்டு வயசுப் பையன், கொம்பு வைத்த பிளாஸ்டிக் தொப்பியோடு வீட்டுக்குள் சூறாவளி மாதிரி சுற்றுகிறான். (வைக்கிங்குகளின் தலைக்கவசத்தில் கொம்பே கிடையாது. 1876-ல் வாக்னரின் இசை நாடகத்துக்கு உடை வடிவமைத்தவர் மாட்டிவிட்ட கொம்பு அது. அதைச் சொன்னால் யார் கேட்கிறார்கள்?) 'உங்கள் பெயர் எங்கிருந்து வந்தது என்று வீட்டில் கேட்டு எழுதி வரவும்' என்று ஹோம்வொர்க். தாத்தாவுக்கும் பேரனுக்கும் கேட்கவா வேண்டும்? இரண்டு பேரும் தோண்டக் கிளம்பிவிட்டார்கள். ஃபைல் தூக்க நான்.

பேரன் முதலில் என்னிடம்தான் வந்தான். "தாத்தா, உங்க சர்நேம் என்ன?"

"சர்நேமா? அப்படி ஒண்ணு நமக்குக் கிடையாதுப்பா. எங்க அப்பா பேர் கருப்பையா. அதுல முதல் எழுத்தை முன்னாடி போட்டுக்குவோம். அவ்வளவுதான்."

பையன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். ஏதோ ஏழை வீட்டில் பிறந்துவிட்டேன் என்கிற மாதிரி.

அப்போது மகள் உள்ளே புகுந்தாள். "டேய், நிஜ வைக்கிங்குக்கும் சர்நேம் கிடையாதுடா!"

உண்மை. எரிக்கின் மகன் லெய்ஃப் என்றால் லெய்ஃப் எரிக்சன். 1000-ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்கக் கண்டத்தில் கால் வைத்தவர். எரிக்கின் அப்பா தொர்வால்டு. ஆகவே அவர் எரிக் தொர்வால்ட்சன். தலைமுறைக்குத் தலைமுறை பின்பாதி மாறிக்கொண்டே போகும். அப்பா பெயர்தான் அடையாளம், அச்சு அசல் நம்ம இனிஷியல். ஐஸ்லாந்தில் பெரும்பாலானவர்கள் இன்றைக்கும் இப்படித்தான். பாடகி பியோர்க்கின் முழுப்பெயர் பியோர்க் குட்முண்ட்ஸ்டோட்டிர், அதாவது குட்முண்டின் மகள். அங்கே டெலிபோன் டைரக்டரி அச்சிட்ட காலத்தில்கூட அகரவரிசை முதல் பெயரில்தான். என் மகளுடைய பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டத்தில் 'கருப்பையா' என்று போட்டோம். அவள் படித்த காலத்தில் எல்லா லெட்டரும் 'மிஸ் கருப்பையா' என்றே வரும். உசிலம்பட்டிப் பக்கம் பம்புசெட்டில் குளித்துவிட்டு வயலுக்குப் போன எங்கப்பா, தன்னை இப்படி 'மிஸ்' ஆக்கியதைக் கேட்டிருந்தால் வெட்கத்தில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருப்பார்.

அப்படியென்றால் 'வைக்கிங் சர்நேம்' என்பது என்ன?

இங்கிலாந்தில் வம்சாவளியாக ஒட்டிக்கொண்டு வருகிற குடும்பப் பெயர், 1066-ல் நார்மன்கள் ஜெயித்த பிறகு மெதுவாகத்தான் வந்தது. முதலில் பிரபுக்களுக்கு. சாதாரண ஜனங்களில் பெரும்பாலோருக்கு வந்து சேர 1400 வாக்கில் ஆகிவிட்டது. அதற்குள் வைக்கிங் காலம் முடிந்து 300 வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. கிர்பி என்று ஒருவன் பெயர் வாங்கினால், அவன் கிர்பி என்ற ஊரிலிருந்து வந்தவன், அவ்வளவுதான். ஊருக்குப் பெயர் வைத்தவன் வைக்கிங். ஊரில் இருந்தவன் யாராகவும் இருக்கலாம். இதில் இன்னொரு வேடிக்கை, கிர்பியிலேயே இருக்கிறவனை யாரும் கிர்பி என்று கூப்பிட மாட்டார்கள். அங்கே எல்லோருமே கிர்பிக்காரன்தானே! ஊரை விட்டு வெளியே போனவனுக்குத்தான் ஊர்ப் பெயர் ஒட்டும். பட்டுக்கோட்டைக்காரர் என்று பட்டுக்கோட்டையிலேயே யாரைச் சொல்வார்கள்?

சம்பந்தி மசியவில்லை. ஒரு பேப்பரை எடுத்து நீட்டினார். 2008-ல் வெளியான ஆராய்ச்சி. நாட்டிங்ஹாம், லெஸ்டர் பல்கலைக்கழகத்துக்காரர்கள் செய்தது. விரல் பகுதியிலும் பக்கத்து மேற்கு லங்காஷயரிலும் ஆண்களின் ஒய் குரோமோசோமைச் சோதித்தார்கள். ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகும். சர்நேம் மாதிரியே. ஆனால் லிவர்பூல் 19-ஆம் நூற்றாண்டில் ஊதிப் பெருத்த ஊர். எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். எனவே சும்மா யாரையும் பிடித்துச் சோதிக்காமல், அந்த வட்டாரத்தின் மத்திய காலப் பட்டியல்களில் இருக்கும் சர்நேம்களைப் பொறுக்கி, அந்தப் பெயர் உள்ளவர்களாகப் பார்த்துச் சோதித்தார்கள். எட்டாம் ஹென்றி காலத்து வரிப் பட்டியல் மாதிரியான ஏடுகள். விடை, அவர்களின் ஆண்வழியில் கிட்டத்தட்ட பாதி ஸ்காண்டிநேவியாவோடு ஒட்டியது!

"பாத்தீங்களா?" என்றார் சம்பந்தி. "பழைய பேர் வழியே போனா, வைக்கிங் வரைக்கும் போயிடலாம்."

சரி, போய்ப் பார்ப்போம் என்று உட்கார்ந்தோம். வெள்ளைக்காரர்களிடம் ஒரு நல்ல பழக்கம், எதையும் எழுதி வைத்துவிடுவார்கள். 1837-லிருந்து பிறப்பு, கல்யாணம், சாவு எல்லாம் பதிவு. 1841-லிருந்து பத்து வருஷத்துக்கு ஒருமுறை எடுத்த கணக்கெடுப்பில் வீடு வீடாகப் பெயர் விவரம் உண்டு. அதையும் நூறு வருஷம் கழித்துப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். 1921-ஆம் வருஷக் கணக்கு 2022 ஜனவரியில் திறந்தது. அதில் சம்பந்தியின் தாத்தா கிடைத்தார். துறைமுகக் கூலி. 1911-ஆம் வருஷப் படிவத்தில் கொள்ளுத் தாத்தாவின் கையெழுத்தே கிடைத்தது. நடுங்கிய எழுத்து. சம்பந்தி அதைக் கம்ப்யூட்டர் திரையிலேயே விரலால் தடவினார்.

அப்புறம் 1851. எள்ளுத் தாத்தா. வயது 19. லிவர்பூலில் ஒரு சந்தில், ஒரே வீட்டில் ஏகப்பட்ட பேர். தொழில், கூலி. பிறந்த இடம் என்ற கட்டத்தில் கிர்பி இல்லை. விரல் இல்லை. ஒரே ஒரு வார்த்தை. அயர்லாந்து.

"வேற ஆளா இருக்கும்" என்றார் சம்பந்தி.

1861-ல் அதே ஆள், கல்யாணமாகி. இந்தத் தடவை எழுதிக்கொண்டவர் புண்ணியவான், கொஞ்சம் கூடவே எழுதியிருந்தார். லிமரிக், அயர்லாந்து.

அயர்லாந்தின் பழைய ஏடுகள் பாவப்பட்டவை. 1922-ல் உள்நாட்டுப் போரில் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்தபோது எத்தனையோ சாம்பலாயின. ஆனால் கத்தோலிக்கச் சர்ச்சுகளின் ஞானஸ்நான ஏடுகள் தப்பியதால், அவற்றின் பிரதிகளை அயர்லாந்து தேசிய நூலகம் 2015-ல் இணையத்தில் இலவசமாகவே போட்டுவிட்டது. மகள் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து பார்த்தாள். லிமரிக் கிராமப்புறம் ஒன்றில், அதே வருஷம், அதே அப்பா அம்மா பெயரோடு குழந்தை இருந்தது. சர்நேம் மட்டும் கிர்பி இல்லை. கெர்விக்.

இங்கேதான் கதை திரும்புகிறது. லிமரிக் பக்கம் 'ஓ கியர்விக்' என்று ஒலிக்கிற பழைய கேலிக் குலம் ஒன்று உண்டு. நாக்கெய்னி என்ற மலையடிவாரத்தில் ஒரு காலத்தில் சிற்றரசர்களாக இருந்தவர்கள். ஆங்கிலேயர் ஆட்சியில் இந்த மாதிரிப் பெயர்களை எழுதுகிற குமாஸ்தாக்கள், தங்கள் காதுக்குப் பழகிய ஆங்கிலப் பெயராக மாற்றிவிடுவார்கள். சில இடங்களில் கெர்விக். பல இடங்களில், கிர்பி! தூத்துக்குடியை 'டூட்டிகோரின்' ஆக்கிய அதே நாக்குத்தான்.

ஆக, ஆளைப் பார்த்தால் ஆங்கிலேயர். பெயரைப் பார்த்தால் வைக்கிங். உரித்துப் பார்த்தால் அயர்லாந்துக் குடியானவர். இதற்கு நேர் எதிராகவும் உண்டு. ஷெர்லக் ஹோம்ஸை எழுதிய கானன் டாயிலின் 'டாயில்' சுத்த அயர்லாந்துப் பெயராகத் தெரியும். ஆனால் அதற்கு 'கருத்த அந்நியன்' என்று பொருள். அயர்லாந்துக்காரர்கள் வைக்கிங்குகளைக் குறிக்கச் சொன்ன சொல். பெயரை நம்பி யாரையும் எடை போடக் கூடாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

சம்பந்தி அன்றைக்குச் சாப்பிடவில்லை. நாக்கெய்னி சிற்றரசர் விஷயத்தைச் சொல்லிப் பார்த்தேன். காதில் ஏறவில்லை. அவர் பார்வை முழுக்க அலமாரிக் கப்பல் மேலேயே இருந்தது. வைக்கிங் போனது மட்டும் வருத்தமில்லை என்று பிறகுதான் எனக்குப் புரிந்தது.

"எங்கப்பாவுக்கு இது தெரியுமா, தெரியாதா?" என்று கேட்டார். அதுதான் அவரைக் குடைந்த கேள்வி.

1845-லிருந்து அயர்லாந்தில் உருளைக்கிழங்கு அழுகியது. அதை மட்டுமே தின்று வாழ்ந்த ஜனங்கள். பத்து லட்சம் பேர் செத்தார்கள். இன்னும் பத்து லட்சத்துக்கு மேல் ஊரை விட்டு ஓடினார்கள். 1847 ஒரே வருஷத்தில் சுமார் 3 லட்சம் அயர்லாந்துக்காரர்கள் லிவர்பூலில் வந்து இறங்கினார்கள். ஊரின் ஜனத்தொகையே அன்றைக்கு ஏறக்குறைய அவ்வளவுதான். பாதிப் பேர் அமெரிக்கக் கப்பலுக்குப் போக, காசில்லாதவர்கள் நிலவறைகளில் அடைந்தார்கள். டைபஸ் காய்ச்சல் பரவியது. 'ஐரிஷ் காய்ச்சல்' என்றே பெயர் வைத்தார்கள். ஆயிரக்கணக்கானவர்களைப் பிடித்துத் திருப்பியும் அனுப்பினார்கள். சோறில்லாமல் வந்தவன், நோய் கொண்டுவந்தவன் ஆனான். 1909-ல் கூட லிவர்பூல் தெருக்களில் கத்தோலிக்கர்களுக்கும் புராட்டஸ்டண்டுகளுக்கும் பெரிய கலவரம் நடந்திருக்கிறது.

அந்த ஊரில், கத்தோலிக்கச் சர்ச்சில் ஞானஸ்நானம் பெற்ற கொள்ளுத் தாத்தா, இங்கிலாந்துச் சர்ச்சில் கல்யாணம் செய்துகொண்டிருக்கிறார். இரண்டு சான்றிதழும் ஃபைலில் அடுத்தடுத்து இருந்தன. இடையில் என்ன நடந்தது என்று எந்த ஏட்டிலும் இல்லை. வேலை கிடைக்க மாறினாரா, பெண்ணுக்காக மாறினாரா, அடிக்குப் பயந்து மாறினாரா? நல்லவேளையாகப் பெயர் ஆங்கிலப் பெயராகவே வாய்த்திருந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் அதே பெயரில் ஒரு ஊரும் இருந்தது. 'நாங்க அந்த ஊர்க்காரங்க' என்று யாரோ ஒருவர் ஒருநாள் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த தலைமுறை அதில் ஒரு கப்பலைச் சேர்த்திருக்க வேண்டும்.

பட்டினியில் ஓடி வந்த பாட்டன் வேண்டாம், பாய்மரக் கப்பலில் வந்த பாட்டன் போதும்.

இதில் நமக்குச் சிரிக்க ஒன்றுமில்லை. நம்ம ஊர் மாநாட்டு போஸ்டர்களைப் பாருங்கள். எல்லோருமே ஆண்ட பரம்பரை. எல்லோருக்கும் பின்னால் ஒரு கோட்டை, ஒரு குதிரை, ஒரு வாள். அப்படியென்றால் அந்தக் குதிரைக்குப் புல் வெட்டினவன், கோட்டைக்குக் கல் சுமந்தவன், பஞ்சத்தில் கஞ்சித்தொட்டி வாசலில் நின்றவன்... அவனுக்கெல்லாம் பிள்ளைகுட்டியே இல்லாமல் போய்விட்டதா? தாது வருஷப் பஞ்சம் என்று எங்க பாட்டி சொல்லும். 1876-லிருந்து 78 வரை. அந்தப் பஞ்சத்தில் எங்கள் குடும்பத்தில் யார் செத்தார்கள், யார் பிழைத்தார்கள், எதைத் தின்று பிழைத்தார்கள் என்று வீட்டில் யாரும் சொன்னதே கிடையாது. ஆனால் முப்பாட்டனார் ஒரு ஜமீன்தாரை எதிர்த்துப் பேசிய கதை மட்டும் விசேஷ வீட்டுக்கு விசேஷ வீடு வரும்.

மகள்தான் சம்பந்தியைச் சமாதானப்படுத்தினாள். "மாமா, கணக்குப் போடுங்க. பத்துத் தலைமுறை பின்னாடி போனா உங்களுக்கு 1,024 தாத்தா பாட்டி. அதுல ஒரே ஒருத்தரோட பேர்தான் கிர்பி. மீதி 1,023 பேர் யாரு?" முப்பது தலைமுறை போனால், அதாவது வைக்கிங் காலத்துக்கு, கணக்கு 107 கோடியைத் தொடும். அன்றைக்கு உலக ஜனத்தொகையே 30 கோடி சுமார். அதாவது, ஒரே ஆள் பல வழியில் திரும்பத் திரும்பத் தாத்தாவாகிறார். இங்கிலாந்து, அயர்லாந்து மண்ணில் வேர் உள்ள எவரை எடுத்தாலும், எங்கோ ஒரு கிளையில் ஒரு வைக்கிங் உட்கார்ந்திருக்காமல் இருக்கவே முடியாது. பெயர் கிர்பியாக இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. போதாததற்கு, லிமரிக் நகரமே 922 வாக்கில் வைக்கிங்குகள் வந்து உட்கார்ந்த ஊர்.

"வைக்கிங்கிறது ரத்தம்கூட இல்லை மாமா, தொழில்" என்றாள். 2020-ல் 442 பழைய எலும்புக்கூடுகளின் மரபணுவைப் படித்த ஓர் ஆராய்ச்சி வெளியானது. ஆர்க்னி தீவுகளில் வைக்கிங் வாளோடு வைக்கிங் முறைப்படி புதைத்திருந்த இரண்டு பேரைப் பார்த்தால், உடம்பில் ஸ்காண்டிநேவிய வம்சமே இல்லை. உள்ளூர்க்காரர்கள். கூட்டத்தில் சேர்ந்தான், வாளைத் தூக்கினான், வைக்கிங் ஆனான். ஐஸ்லாந்தில் கதை இன்னும் விசேஷம். அந்தத் தீவில் குடியேறிய ஆண்களின் வழி முக்கால்வாசிக்கு நார்வே பக்கம். பெண்களின் வழியோ பாதிக்கு மேல் அயர்லாந்து, ஸ்காட்லாந்து பக்கம். மனைவியாக வந்தவர்கள், அடிமையாகப் பிடித்து வரப்பட்டவர்கள். பிள்ளைகள் அத்தனை பேரும் அப்பா பெயரைத்தான் சுமந்தார்கள். அந்த அம்மாக்களின் பெயர் பெரும்பாலும் எந்தப் பெயரிலும் இல்லை. ஆயிரம் வருஷம் கழித்து மரபணு வந்துதான் அவர்களுக்காகப் பேச வேண்டியிருந்தது.

மகள் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் பேரனைப் பார்த்தேன். பெயரில் கிர்பி. மூக்கில், முடியில், கோபத்தில் அப்படியே என் மனைவி.

ஹோம்வொர்க் பாக்கி இருந்தது. பேரன் கேட்டான். "சரி, அந்த கியர்விக்னா என்ன அர்த்தம்?"

மகள் தேடிப் பார்த்தாள். 'கியர்' என்றால் கருமை. 'மாக்' என்றால் மகன். கியர்மாக் என்பதுதான் தேய்ந்து கியர்விக் ஆகியிருக்கிறது. அர்த்தத்தைப் படித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தவள், நிறுத்தவே இல்லை. "அப்பா... கருத்த மகன்ப்பா! கருப்பன்!"

ஒரு பக்கம் கருப்பையா, இன்னொரு பக்கமும் கருப்பையா. இதற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, வெறும் தற்செயல் என்று எனக்குத் தெரியும். உலகத்தில் எந்த மூலையிலும் கொஞ்சம் நிறம் குறைந்த பிள்ளையைப் பார்த்தால் ஜனங்கள் அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆனாலும் அன்றைக்கு ராத்திரி சம்பந்தி என் தோளில் கை போட்டார். பல வருஷப் பழக்கத்தில் அதுதான் முதல் தடவை. "உங்க ஊர்ல பஞ்சம் வந்தப்ப ஜனங்க எங்க போனாங்க?" என்று கேட்டார். இலங்கைத் தோட்டத்துக்கு, பர்மாவுக்கு, மலேயாவுக்கு என்று தெரிந்ததைச் சொன்னேன். அவரும் அவர் எள்ளுத் தாத்தாவைப் பற்றிப் பேசினார். பதினைந்து, பதினாறு வயசில் கப்பல் ஏறியிருப்பான், செருப்பு இருந்திருக்குமா என்றார். வைக்கிங்கைப் பற்றி அவர் பேசும்போது எப்போதும் குரல் உயரும். இதைப் பேசும்போது குரல் இறங்கியிருந்தது.

பேரன் ஹோம்வொர்க்கில் இரண்டு தாத்தா பெயரையும் எழுதி, அர்த்தத்தையும் எழுதி, பக்கத்தில் பழக்கதோஷத்தில் ஒரு கப்பலையும் வரைந்துவிட்டான். பாய் கிழிந்த மாதிரி வரைந்திருந்தான். பசியோடு வந்த கப்பலாம்.

போன முறை போனபோது சம்பந்தி வீட்டு அலமாரியைப் பார்த்தேன். பாம்புத்தலைக் கப்பல் இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது. தூசி தட்டி, எண்ணெய் பூசி. அதன் பக்கத்தில் புதிதாக ஒரு கண்ணாடிச் சட்டம். உள்ளே 1851 கணக்கெடுப்பின் அந்த ஒற்றை வரி. பெயர், வயது 19, கூலி, அயர்லாந்து.

"ரெண்டும் இருக்கட்டும்" என்றார். "கப்பல், எங்கப்பா சொன்னது. இது, எங்கப்பா சொல்லாதது."